மசக்கைச் சேர்

"மேடம், அந்த பாரம் ஒண்ணு குடுங்க" என்று சொல்லிவிட்டு, மேல்கோட்டில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தாள் ரெஜினா. எந்த பாரம் என்று சகுந்தலா கேட்கவில்லை. அணுமின் ஆலையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர். துப்புரவுப் பெண்களில் ஒருத்தி தானாக வந்து பேட்ஜைக் கழற்றி வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் நிமிர்ந்து ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். எட்டு வருஷமாக இந்த மேசைக்கு வந்து, நம்பரைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, "வரேன் மேடம்" என்ற ஒரே வார்த்தையோடு போய்விடுகிறவள். இன்றைக்கு அந்த முகத்தில் ஒரு சிரிப்பு, உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை நாள் ரெஜினா?"

"பன்னெண்டு நாளு தள்ளிப் போயிருக்கு மேடம்."

"டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல மேடம். வகுப்புல நீங்கதான சொன்னீங்க, சந்தேகம் வந்தாலே வந்து சொல்லணும்னு."

சகுந்தலா சிரித்துவிட்டார். "நான் சொல்றதையும் ஒருத்தர் காதுல வாங்கியிருக்கீங்களே, அதுவே பெரிசு." பதிவேட்டை இழுத்துப் பெயரையும் தேதியையும் எழுதினார். டாக்டர் சீட்டை மாசக் கடைசிக்குள் கொண்டுவந்தால் போதும், இன்று முதல் குளத்துக் கூடத்துக்குப் போக வேண்டாம், வெளியே பேட்ஜ் அறையில் வேலை என்றார். ரெஜினா தலையாட்டினாள். எழுந்து போகும்போது கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்துக்கொண்டு நின்றாள். எட்டு வருஷமாகத் தள்ளித் திறந்த கதவு அது.

கடலை ஒட்டி நிற்கும் அந்த ஆலைக்குள், எரிந்து முடிந்த எரிபொருளைப் போட்டு ஆறவைக்கும் குளம் ஒன்று உண்டு. குளம் என்றதும் அல்லியும் படிக்கட்டும் நினைவுக்கு வந்தால் அது நம்முடைய தப்பு. பெரிய கூடத்துக்குள், எஃகுத் தகடு அடித்த, இரண்டு மாடி ஆழமுள்ள தொட்டி அது. அடியில் எரிபொருள் கட்டுகள் வரிசையாகக் கிடக்கும். அடுப்பிலிருந்து எடுத்துவிட்டாலும் அவற்றுக்குச் சூடு ஆறாது. வருஷக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்துதான் அடங்க வேண்டும், அதுவரை தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கூடத்தின் தரையையும் கைப்பிடிக் கம்பிகளையும் துடைப்பதுதான் ரெஜினாவின் கூட்டத்துக்கு வேலை. பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும், துடைத்த துணியை மஞ்சள் பையில் போட வேண்டும். விளக்கைக் குறைத்திருக்கும் நேரத்தில் புதிதாக இறக்கிய கட்டுகளைச் சுற்றித் தண்ணீர் லேசான நீலமாக ஒளிரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ரெஜினா துடைப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். இத்தனை தெளிந்த தண்ணீரை அவள் பூஞ்சேரிக் காலனியில் எந்தக் குழாயிலும் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணீர்தான் அவள் வயிற்றை வறட்டிவிட்டது என்பது ஊரின் தீர்ப்பு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா. கல்யாணமாகி ஒன்பது வருஷம், வேலைக்கு வந்து எட்டு வருஷம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க ஊருக்குப் படிப்பா வேண்டும்? நாத்தனார் ஞானம்மாள் வீட்டுக்கு வந்தால், "வேலைய வுட்டுட்டு வா, எல்லாம் தானா நடக்கும்" என்பாள். ரெஜினா ஒருநாள் சகுந்தலாவிடமே கேட்டுவிட்டாள். அவர் அவளுடைய அட்டையை எடுத்து, எட்டு வருஷத்துக் கதிர்வீச்சு அளவுகளையும் விரலால் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னது என்று பொறுமையாகச் சொன்னார். "தண்ணியே பெரிய சுவர் ரெஜினா. அதைத் தாண்டி உங்ககிட்ட வர்றது ரொம்பக் கொஞ்சம். இது காரணமே இல்ல." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ரெஜினாவுக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது. தண்ணீர் காரணமாக இருந்திருந்தால் அதைத் திட்டலாம், வேலையை விடலாம், காத்திருக்கலாம். காரணமே இல்லை என்றால் எதை விடுவது?

இனி அந்தச் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலைக்குள் போகிறவர்கள் பேட்ஜ் வாங்கிக் குத்திக்கொள்ளும் அறையில், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மரச் சேர் உண்டு. காலையில் பேட்ஜ் கொடுப்பது, சாயங்காலம் வாங்கி நம்பர் வரிசையில் மாட்டுவது, அவ்வளவுதான் வேலை. கர்ப்பமான பெண் அங்கேதான் உட்காருவாள். பெண்கள் அதற்கு வைத்த பெயர் மசக்கைச் சேர். கூட்டத்தில் மூத்தவளான ஜாக்குலின் தன் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது பழைய புடவையில் தைத்துப் போட்ட மெத்தை இன்னும் அதில் கிடக்கிறது. சேருக்கு ஒரு சட்டமும் உண்டு. யார் எழுதியதும் இல்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பெண்களும் தங்கள் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து, சேரில் இருக்கிறவளின் மூடியில் வைக்க வேண்டும். "சேருக்குப் பங்கு" என்று சொல்லித்தான் வைப்பார்கள். எட்டு வருஷத்தில் ஏழு பேருக்கு ரெஜினா பங்கு வைத்திருக்கிறாள். மீன் குழம்பு வைத்த நாளில் நடுத்துண்டை எடுத்து வைப்பாள். வைத்துவிட்டுத் தன் டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

சோதனை அட்டை வாங்கி ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மெடிக்கலில் கிடைக்கும் அந்த அட்டை அவளுக்குப் புதிது அல்ல. எத்தனை விடியற்காலையில் பாத்ரூமில் நின்று அதையே வெறித்திருக்கிறாள்! கோடு ஒன்றோடு நின்றுவிடும். பன்னிரண்டு நாள் என்பது அவளுக்குப் பெரிய சொத்து. அதை ஒரு அட்டையிடம் கொடுத்து இழக்க மனசில்லை. புருஷன் ஸ்டான்லியிடமும் சொல்லவில்லை. நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் அவன் குழாய் பிட்டர். ஆறு வருஷத்துக்கு முன் ஒருமுறை இருபது நாள் தள்ளிப்போனபோது, அன்று மாலையே கூரைக் கட்டையில் தூளிக் கொக்கி அடித்துவிட்டான். பிறகு ஒன்றுமில்லை என்றானதும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அதில் வெங்காயக் கூடை தொங்குகிறது. அவனிடம் சொல்லுமுன் உறுதியாகட்டும் என்று நினைத்தாள். பெண்களிடமும், "வூட்ல இன்னும் சொல்லல, வாயத் தொறக்காதீங்க" என்று கெஞ்சி வைத்திருந்தாள்.

சேரில் உட்கார்ந்த முதல் நாள் மதியம் ஜாக்குலின்தான் பங்கை ஆரம்பித்து வைத்தாள். ஐம்பது வயதை எட்டப்போகும் ஜாக்குலினுக்குக் குரலும் பெரிது, கையும் பெரிது. "ஒம்போது வருசம் ஏங்க வெச்சி குடுத்துகீறாரு ஆண்டவரு, வட்டியும் சேத்து ரெட்டையா குடுப்பாரு பாரு" என்று சொல்லிக்கொண்டே பாதி முட்டையை மூடியில் வைத்தாள். அடுத்தவள் கீரை, அதற்கடுத்தவள் புளிச்சோறு. கடைசியாகக் கவியா. கோவளத்துப் பெண், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். தன் டப்பாவில் இருந்த கருவாட்டுத் தொக்கு முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். "உனக்கு?" என்றதற்கு, "எனக்கு வேணாங்க்கா, நீ சாப்டு" என்று டப்பாவைத் தள்ளி மூடிக்கொண்டாள். மூடி நிறைந்து வழிந்தது. ரெஜினா எல்லாவற்றையும் கலந்து பிசைந்து சாப்பிட்டாள். ருசி என்று பார்த்தால் அது ஒரு கண்றாவிக் கலவைதான். அவளுக்கு மட்டும் அதைப்போல் ஒரு சாப்பாடு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

ஐந்து நாள் அப்படிப் போயின. குனிந்தால் யாராவது ஓடிவந்து கீழே கிடப்பதை எடுத்துக் கொடுத்தார்கள். செக்யூரிட்டிக்காரர்கூட அவளைப் பார்த்தால் விசிறியைத் திருப்பி வைத்தார். மாமல்லபுரத்தில் பஸ் மாறும்போது கூட்டத்தில் வயிற்றுக்குக் குறுக்கே கை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் பார்க்கவில்லை, அவளே அதைப் பார்த்துக்கொண்டாள். பெயர்கூட யோசித்தாள். பையனென்றால் பெஞ்சமின். பெண்ணுக்குத்தான் முடிவு வரவில்லை.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு அடிவயிற்றில் அந்தப் பழகிய இழுப்பு வந்தது. கழிப்பறைக்குப் போனாள். பார்த்தாள். கொஞ்ச நேரம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையில் எப்போதும் மடித்து வைத்திருப்பதை எடுத்துக்கொண்டாள். கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்த நாளிலும் அதைப் பையிலிருந்து எடுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கே சகுந்தலாவிடம் போயிருக்கலாம். போகத்தான் எழுந்தாள். ஆனால் மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, பெண்கள் டப்பாக்களோடு வந்துவிட்டார்கள். "சேருக்குப் பங்கு" என்று ஜாக்குலின் சொன்னதும் ரெஜினாவின் கை தானாக மூடியை நீட்டியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நாளை வந்தது, அதற்கும் ஒரு நாளை இருந்தது. ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அந்தச் சேரில் இருக்கும்வரை உலகத்தில் எட்டுப் பேருக்கு அவள் தாய். எழுந்தால் ஒருத்தருக்கும் இல்லை. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, டாக்டர் சீட்டு அதற்குள் கேட்க மாட்டார்கள். மூன்று வாரம் போயிற்று.

மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை காலை, ஷிப்டுக்கு எல்லோரும் போன பிறகு, கவியா ஜன்னலருகே தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, இன்னொரு பேட்ஜ் இருந்தா குடேன்."

"ஏன், உன்து தொலஞ்சி போச்சா?"

"இல்லக்கா. கீழ ஒண்ணு குத்திக்கலாம்னு."

ரெஜினா அவளைப் பார்த்தாள். நெஞ்சில் இருக்க வேண்டிய பேட்ஜ் அங்கே இல்லை. கோட்டின் கீழ்ப் பொத்தானுக்கும் கீழே, தொப்புளுக்கு நேராகக் குத்தப்பட்டிருந்தது. கவியாவின் கை அதன்மேல் பொத்தினாற்போல் இருந்தது. வருஷா வருஷம் வகுப்பில் சகுந்தலா தொண்டை வறளச் சொல்வார்: பேட்ஜ் எதையும் தடுக்காது, வந்ததை அளக்கும், அவ்வளவுதான், தெர்மாமீட்டர் காய்ச்சலை இறக்குமா என்று. எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, உள்ளே போகுமுன் ஜாக்குலின் பேட்ஜைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள், வேறொருத்தி கண்ணில் ஒற்றிக்கொள்வாள். தாயத்து என்றால் தாயத்துதான். ஆனால் வயிற்றில் குத்திக்கொள்ள ஒருத்திக்கு ஒரு காரணம்தான் இருக்கும். தொடாத கருவாடு, காலையில் வெளுத்துப் போய் வரும் முகம், கைகழுவும் இடத்துக்கு ஓடிப்போய்த் துப்புவது, எல்லாம் ஒரே நொடியில் ரெஜினாவின் மனசில் வந்து அடுக்கிக்கொண்டன. ஒன்பது வருஷமாக ஒருத்தி அந்த அடையாளங்களைத் தன் உடம்பில் தேடியிருக்கிறாள். அவளுக்கா தெரியாது?

"எத்தினி மாசம்?"

கவியா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு முடியப் போவுது."

"ஏண்டி, மேடத்தாண்ட சொல்ல வேண்டியதுதான? எதுக்கு உள்ள போயிகினு கீற?"

"சின்னராசு அண்ணன் இன்னா சொல்லிச்சின்னு உனக்குத் தெரியாதாக்கா? சேரு ஒண்ணுதான். ரெண்டாவது ஆளு வந்தா வூட்ல ஒக்காரட்டும், வேற ஆளப் போட்டுக்கறேன்னு."

சட்டம் வேறு ஏதோ சொல்கிறது. சகுந்தலாவுக்குத் தெரிந்தால் விடமாட்டார். ஆனால் துப்புரவு ஒப்பந்தத்து மேஸ்திரி சின்னராசுவுக்கு அவன் வாயில் வருவதுதான் சட்டம். வீட்டுக்குப் போன பெண்ணைத் திரும்பச் சேர்த்ததாகச் சரித்திரம் இல்லை.

"அப்போ எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிக்கா சொல்வேன்?" கவியாவின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "எனக்குக் கல்யாணம் ஆயி ஒரு வருசம்தான் ஆவுது. இது இல்லன்னா இன்னொண்ணு வரும். உனக்கு ஒம்போது வருசம் கழிச்சி வந்துகீது. உன்ன எழுந்திரின்னு நான் சொன்னா ஆண்டவருக்கே அடுக்குமா? நீ நல்லபடியா பெத்துக்கோ. நான் அதுவரைக்கும் எட்டவே நின்னு தொடச்சிக்கறேன்."

இன்னொரு பேட்ஜ் கொடுக்க விதியில்லை என்று மட்டும் சொன்னாள் ரெஜினா. கவியா சரி என்று போய்விட்டாள். அன்று மதியம் பங்கு வைக்கும்போது கவியா தன் முட்டையை முழுசாக எடுத்து மூடியில் வைத்தாள். ரெஜினா அதைத் தொடவில்லை. யாரும் பார்க்காதபோது காகிதத்தில் சுற்றிக் கவியாவின் பையிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சகுந்தலாவின் அறை வரைக்கும் போனாள், கதவைத் தொடவில்லை. நல்லவள் என்றால் உடனே போய்ச் சொல்லியிருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நல்லவள்தான். ஆனால் நல்ல மனசுக்கும் ஒரு பசி உண்டு. ஒரு வருஷத்தில் வந்துவிட்டதே இவளுக்கு, கூப்பிடாமலேயே வந்துவிட்டதே என்று நெஞ்சில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. "இது இல்லன்னா இன்னொண்ணு வரும்." எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டபோது, கவியாவுக்கு நாள் தவறியது வெறும் உடம்புச் சூடாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்த பிறகுதான் என்ன வேண்டினோம் என்று புரிந்தது. பக்கத்தில் ஸ்டான்லி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவள் எழுந்து வெளியே வந்து, குழாயைத் திறந்து முகத்தை அலம்பிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாகச் சகுந்தலாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மேடம், எழுதினத அடிச்சிடுங்க."

சகுந்தலா பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எப்போ ஆச்சு?" என்று கேட்டபோது அவர் குரல் தணிந்திருந்தது. "டாக்டரைப் பார்த்தீங்களா? கலைஞ்ச பிறகு ரெஸ்ட் எடுக்கணும் ரெஜினா. இப்படி வேலைக்கு வந்துட்டிருக்கீங்களே."

கலைந்தது. அந்த வார்த்தை ரெஜினாவின் முன்னால் வந்து நின்றது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஒன்று வந்திருந்தது, இருந்தது, பிறகு போயிற்று என்று ஆகிவிடும். பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொள்வார்கள். ஜாக்குலின் கட்டிப்பிடித்து அழுவாள். ஊரும் ஒருநாள் வாயைப் பொத்திக்கொள்ளும். இழந்தவள் என்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. அவள் ஆசைப்பட்டாள், மனசார ஆசைப்பட்டாள்.

"கலையல மேடம்" என்றாள். "ஒண்ணுமே இல்ல. நாளு தள்ளிப் போச்சி, அவ்ளோதான். ஆறாம் நாளே தெரிஞ்சிபோச்சி. நான்தான் சொல்லாம ஒக்காந்துகினு இருந்தேன்."

சகுந்தலா திட்டுவார் என்று ரெஜினா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. பதிவேட்டைத் திறந்து, மூன்று வாரத்துக்கு முன் எழுதிய வரியின்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். அந்த ஆபீசில் எதையும் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கீழே இருப்பது என்னவென்று பிறகு வருகிறவர்களுக்கும் படிக்கத் தெரிய வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். ரெஜினாவும் போட்டாள். கோட்டுக்கு அடியில் தன் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னொன்னு மேடம். கவியாவ இன்னிக்கே கூப்ட்டு கேளுங்க. சேரு ஒண்ணுதான், ரெண்டாவது ஆளு வூட்டுக்குப் போவணும்னு பயந்துகினு சொல்லாம கீது. சேரு காலியா கீதுன்னு நீங்களே சொல்லிடுங்க. சின்னராசு அண்ணன்கிட்டயும்."

"சேர் காலியா இல்லேன்னாலும் அவன்கிட்ட நான் சொல்லியிருப்பேனே" என்றார் சகுந்தலா. சொல்லிவிட்டு, யாரும் இதுவரை தன்னிடம் வந்து சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தவர்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

பத்து மணிக்கு ரெஜினா பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தின் எல்லையில் குறுக்கே ஒரு பெஞ்சு இருக்கும். அதில் உட்கார்ந்து, வெளிச் செருப்பை இந்தப் பக்கம் விட்டுவிட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, உள்செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து கவியா வந்துகொண்டிருந்தாள். சகுந்தலா ஆள் அனுப்பிவிட்டார். ஒரே பெஞ்சில் ஒருத்தி இந்தப் பக்கம் காலும், ஒருத்தி அந்தப் பக்கம் காலுமாக உட்கார்ந்தார்கள்.

"அக்கா, அப்போ உனக்கு..." என்று கவியா ஆரம்பித்தாள்.

"போடி" என்றாள் ரெஜினா. "குனியாம செருப்பு மாட்டு. மதியானம் பங்கு வெக்க வரேன்."

கூடம் எப்போதும்போல் வெதுவெதுவென்றிருந்தது. பம்புகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. துணியை நனைத்துப் பிழிந்து, கைப்பிடிக் கம்பியை ஒரு மூலையிலிருந்து துடைத்துக்கொண்டு போனாள். விளக்கைக் குறைத்திருந்தார்கள். அடியில் நீலம் இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றபோது அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. ஒரு குழந்தை வேண்டும். இந்தத் தண்ணீரைப் பற்றி அதற்குச் சொல்ல வேண்டும், இவ்வளவு தெளிவாக இருக்கும், அடியில் விழுந்த ஊசிகூடத் தெரியும் என்று சொன்னால் அது நம்பாமல் கேள்வி கேட்க வேண்டும். எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள். பம்புச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. மதியம் விஷயம் தெரிந்த ஜாக்குலின், பெரிய குரலைத் தணித்துக்கொண்டு "சேருக்குப் பங்கு" என்றாள். ரெஜினா கவியாவின் மூடியில் வஞ்சிர மீனின் நடுத்துண்டை வைத்துவிட்டு, தன் டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால், புளியமரத்தடியில் ஸ்டான்லி வண்டியோடு நின்றிருந்தான். எட்டு வருஷத்தில் அவன் அங்கே வந்ததில்லை. முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். பைக் ஹேண்டிலில் மாதுளம்பழப் பை தொங்கியது. சீட்டின் பின்பாதியில் துண்டு ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருந்தான்.

"இன்னாய்யா இங்க? டூட்டி இல்ல?"

"ரெண்டு மணிக்கே முடிஞ்சிதே. சும்மாதான் வந்தேன்." சிரிப்பை அடக்கப் பார்த்தான், அது அடங்கவில்லை. "காலைல ஜாக்குலின் அக்கா வூட்டுக்காரரு லோடு ஏத்திகினு நெம்மேலிக்கு வந்தாரு. கையப் புடிச்சிகினு வுடவே மாட்டன்றாரு மனுசன்."

ரெஜினா மனசுக்குள் நேரத்தைக் கணக்குப் போட்டாள். காலையில் ஜாக்குலினுக்கே உண்மை தெரியாது. தெரிந்தபோது மதியமாகிவிட்டது.

"யோவ், நான் இன்னா சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்மே" என்று அவன் கையைக் காட்டித் தடுத்தான். "எதுக்கு எங்கிட்ட சொல்லலன்னு எனக்குத் தெரியாதா? கொக்கி அடிச்சவன் நான்தான. நீ எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு. நான் ஒண்ணும் கேக்கல. ஏறு, மெதுவா ஏறு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்டான்லி வண்டி ஓட்டினால் எதிரே வருகிறவர்கள் ஆண்டவரைக் கூப்பிடுவார்கள். வேகத்தடையைக் கண்டால் அவனுக்கு ஏனோ ஒரு குஷி, எகிறிக் குதித்துத்தான் தாண்டுவான். அந்த மனிதன் இன்றைக்கு ஓரமாக, நடக்கிறவர்களின் வேகத்தில் போனான். சைக்கிளில் போன கிழவர் ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார். இடது பக்கத்தில் சவுக்குத் தோப்பு மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் வார்த்தைகளை வரிசைப்படுத்தினாள். காலையில் சகுந்தலாவிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான்.

வெங்கப்பாக்கம் தாண்டியதும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெள்ளைக் கோடு போட்ட வேகத்தடை வந்தது. ஸ்டான்லி எஞ்சினை அணைத்தான். இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றிக்கொண்டு, வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளி மேட்டில் ஏற்றினான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை உயர்த்தி, பொறு பொறு என்று காட்டினான். முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் இறங்கும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்கு அவன் முதுகில் தெரிந்தது. துளிகூட அதிராமல் வண்டி கீழே வந்தது. ரெஜினா வாயைத் திறந்தாள். நூறடி தள்ளி அடுத்த வேகத்தடை இருந்தது, அவன் அதற்குள் இரண்டு காலையும் மறுபடி தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.